சிவப்பு மெழுகுப் புட்டி

கிளாசுக்குள் மூக்கை விடச் சொல்கிறார்கள். குடிப்பதற்கு முன்னால் மோந்து பார்க்க வேண்டுமாம், மோந்து பார்ப்பதற்கு முன்னால் சுழற்ற வேண்டுமாம், சுழற்றுவதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்க்க வேண்டுமாம். பனியன் கம்பெனியில் நான் தினமும் செய்கிற வேலையே அதுதான், சாயம் போட்ட துணியை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைக்காரன் கேட்ட நிறம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இதற்குப் பெண் தருவார்களா என்பது இன்றைக்குச் சாப்பாட்டு இலை போடுவதற்குள் தெரிந்துவிடும். எனக்கு எதிரே ஆடிட்டர் சதாசிவம் மூக்கை முழுசாகக் கிளாசுக்குள் இறக்கிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார், கழனித் தொட்டியில் மூஞ்சி வைத்த எருமைகூட இவ்வளவு பக்தியாக இருக்காது. "கடலு," என்கிறார் கண்ணைத் திறக்காமல். "கடக்கரை. ஈர மரம். தூரத்துல ஒரு பொகை." எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா வருகிறது, பினாயில் ஊற்றித் துடைத்த தரை, பின்பக்கம் யாரோ டயர் கொளுத்துகிற நாற்றம். "அப்படியே ஸ்காட்லாந்துல போய் நிக்கற மாதிரி இருக்குதுங்கண்ணா." அவர் ஸ்காட்லாந்து போனதில்லை. ஊட்டிக்குப் போனாலே பர்லியார் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பார் என்று நான் கட்டிக்க வந்திருக்கிற இந்துஜா சொல்லியிருக்கிறாள். இந்துஜா கீழே இருக்கிறாள். கறி வேகிற வாசனை மாடிப்படி ஏறி வருகிறது, மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காயும் வதங்கிய வாசனை, இந்த அறையில் உண்மையான வாசனை அது ஒன்றுதான், அதை ஒருத்தரும் மோந்து பார்க்கவில்லை. அவளுடைய அப்பா நாச்சிமுத்து, ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்புகிற நாச்சிமுத்து, "ஞாயித்துக்கெழமை வாங்க தம்பி, உக்காரலாம்" என்று போனில் சொன்னபோதே எனக்கு விசயம் புரிந்துவிட்டது. இந்த ஊரில் உட்காரலாம் என்று கூப்பிட்டால் குடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். "ஜாதகமெல்லாம் பொம்பளைங்க பாக்கறதுங்க. நான் ஆளைக் கிளாசுல வெச்சுத்தான் பாப்பேன்," என்றார் உட்கார்ந்ததும். மூணாவது ரவுண்டில் மனுசனுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பல் டாக்டர் ஒருத்தன் மூணாவது ரவுண்டில் பழைய காதலியை நினைத்து அழுதானாம், ரிஜெக்ட். மில்காரர் வீட்டுப் பையன் ஒருத்தன் கம்பெனியில் எனக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டானாம், ரிஜெக்ட். தையல் பிசகின சாம்பிளைத் தூக்கிப் போடுகிற அதே குரல். எந்த மாப்பிள்ளையை ஓகே செய்தாலும் அவனுக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டாம், அலமாரியின் மேல்தட்டில் தனியாக நிற்கிற புட்டி, கழுத்தில் சிவப்பு மெழுகு வழிந்து உறைந்த புட்டி, அமெரிக்காவில் கென்டக்கி என்கிற ஊரிலிருந்து வந்த போர்பன் விஸ்கி. வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அதிலிருந்து ஊற்றுவார், ஆடிட்டரும் அந்தக் கணக்கில் சேர்த்தியாம். ஊற்றினால் சம்மதம். ஊற்றாவிட்டால் கறிச்சோறு தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு சாராயப் புட்டியின் மூடியில் இருக்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நான் சிரிக்கவில்லை. அந்த மூடியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கல்யாண வீட்டில் பாயசக் குண்டாவைப் பார்க்கிறவன் மாதிரி.

"தம்பி என்ன சொல்றாப்டி?" இது வெங்கிடு மாமா, இந்துஜாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர், அக்கா புருசனின் கம்பெனியில் பாதி தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர், சோபாவில் பாதியையும் அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். நன்றாக இருக்கிறதுங்க என்றேன். "என்னது?" நன்றாக இருக்கிறதுங்க. "மச்சான், தம்பி பேசறது சைலண்ட்ல வெச்ச போனாட்ட இருக்குது, டேபிள் மேல கைய வெச்சாத்தான் தெரியுது!" சிரிப்பு. சதாசிவமும் சிரிக்கிறார், கிளாசுக்குள்ளேயே, சிரிப்பு கண்ணாடியில் ஆவியாகப் படிகிறது. நான் ஏன் மெதுவாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது, கதை கேட்டு வளர்ந்தவனுக்குப் பேச்சு எதற்கு, அம்மாவைப் பெத்த அப்புச்சி கதை சொல்லச் சொல்ல ஊம் கொட்டுவதுதான் என் வேலையாக இருந்தது, ஊம் நின்றால் கதை நின்றுவிடும். இங்கேயும் அதையேதான் செய்கிறேன். சதாசிவம் ஐரிஷ் விஸ்கியை மூணு தரம் காய்ச்சுவார்கள் என்கிறார், ஊம். ஸ்காட்ச்சுக்கு பார்லி, போர்பனுக்குப் பாதிக்கு மேல் மக்காச்சோளம், ஊம். போர்பனைப் புதுப் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும், பீப்பாயின் உட்பக்கத்தை நெருப்பில் கருக்கியிருக்க வேண்டும், அந்தக் கருகலில் இருந்துதான் வெனிலாவும் கேரமலும் இறங்கும், ஒரு தரம் ஊற்றின பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்றக் கூடாது, அது சட்டம், அந்தப் பழைய பீப்பாயை ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிக்கொண்டு போய் அவன் விஸ்கியை ஊற்றி வைப்பான், ஊம், ஊம். அமெரிக்கக்காரன் கழித்துப் போட்ட பீப்பாய்க்குள் ஊறினதைத்தான் இவர் கடல் என்கிறார். கம்பெனி கழித்த செகண்ட்ஸ் துணியை வாங்கிச் சாயம் போட்டு விற்கிறவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களை இவர் கணக்குப் பார்க்கக்கூட ஆபீசுக்குள் விடமாட்டார். ஆனால் அந்த ஐரிஷ் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். உதட்டை மட்டும் நனைத்தேன், நனைத்ததும் பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி ஒன்று நாக்கின் ஓரத்தில் ஓடி, பின்னால் தேன் மாதிரி வழுக்கி, தொண்டைக்கு வருவதற்குள் சின்னதாகச் சுட்டது. இன்னொரு வாய் குடிக்கலாம் என்று உடம்பு சொன்னது. நடுவில் ஊற்றின ஜப்பான் விஸ்கியும் அப்படித்தான், கோயில் சந்தனக் கட்டையை மோந்த மாதிரி. இந்தக் கூட்டத்தில் உட்காராமல் தனியாக, யாரும் கடலு என்று சொல்லாத ஓர் இடத்தில், நான் அதை ரசித்திருப்பேன். இவர்களோடு சேர்ந்து ரசிப்பது என்றால் இவர்களுடைய எச்சில் கிளாசில் குடிப்பது மாதிரி. அதனால் உதட்டை நனைக்கிறேன், கீழே வைக்கிறேன், ஐஸ் கரைகிறது, கிளாசில் அளவு குறையவே இல்லை, அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை, இவர்கள் கண் எல்லாம் அவரவர் கிளாசில். நாச்சிமுத்து மட்டும் கவனிக்கிறாரோ. அவர் கிளாசைப் பார்ப்பதே இல்லை. என்னைப் பார்க்கிறார்.

அவர் ஸ்காட்ச் தொடவில்லை, ஜப்பானும் ஐரிஷும் தொடவில்லை. "நான் போர்பன் கட்சிங்க. நாக்கை மாத்தி மாத்திக் கெடுத்துக்க மாட்டேன்," என்று உட்காரும்போதே சிவப்பு மெழுகுப் புட்டியை எடுத்துத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, திரும்ப மேல்தட்டிலேயே வைத்துவிட்டார். எங்களுக்கு முன்னால் அதை ஊற்றிக் குடிப்பதில் ஒரு திமிர், வரிசையில் நிற்கிற கூட்டத்துக்கு நடுவே பின்வாசல் வழியாகச் சாமி பார்க்கிறவனின் திமிர். இந்துஜா இவரை அப்பா என்று சொல்வதில்லை. அந்தாளு என்பாள். போன தீபாவளியில் இருந்து ஞாயிறானால் மத்தியானம் முதல் விளக்கு வைக்கிற வரைக்கும் இந்த அறைதான், சாப்பாடு இறங்குவதில்லை, ஆள் பாதியாகிவிட்டார், கேட்டால் மெஷின் பார்க்கக் கோயமுத்தூர், மெஷின் பார்க்கக் கோயமுத்தூர் என்று வாரா வாரம் கார் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், அங்கேயும் குடிதான், வேறென்ன, குடிச்சே சாகட்டும் என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு ஐஸ்கிரீமைக் கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள். "குடிக்க மாட்டேன்னு சொல்லிடாத, அப்பறம் மாட்டவே மாட்டேம்பாரு. ஆனா குடிச்சுட்டு அந்தாளாட்ட ஆயிராத. ஆனீன்னா நான் செத்தாலும் உன்னைக் கட்டிக்க மாட்டேன்." குடித்தால் மகள் இல்லை, குடிக்காவிட்டால் அப்பன் இல்லை. அப்புச்சி கதையில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் ராஜகுமாரனுக்கு ஒரு எறும்பாவது வந்து வழி சொல்லும். எனக்கு வெங்கிடு மாமா வந்திருக்கிறார். மாமா இப்போது தொடையில் தட்டிக்கொண்டு, மச்சான் மட்டும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கிட்டார்னா கம்பெனியை நான் எங்கேயோ கொண்டு போயிருவேன் என்கிறார், நாலாவது தடவையாகவோ ஐந்தாவது தடவையாகவோ. நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே மோதிரத்தைத் திருகுகிறார். மோதிரம் பெரிசு, விரல் சிறிசு, கழண்டு விழாமல் இருக்க உள்ளே நூல் சுற்றியிருக்கிறார், கோடீஸ்வரன், ஒரு மோதிரத்தை அளவு குறைத்துப் போடக் கஞ்சத்தனம். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆமைக் கழுத்து மாதிரி ஆடுகிறது. குடி தின்ற உடம்பு. எனக்கு அந்தக் கழுத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அரக்கன் ஒருத்தன் இருந்தானாம், ஆளை வெட்டினாலும் குத்தினாலும் சாகமாட்டானாம், அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி ஒரு குகைக்குள்ளே கூண்டுக்குள்ளே கிளிக்குள்ளே இருந்ததாம். இவர் உயிர் ஏழு கடல் தாண்டி வந்த அந்தப் புட்டிக்குள்ளே. அந்தக் கிளிக்குத் தினமும் தீனி வைக்கிறது யாரு என்று கேட்டேன் சின்ன வயதில், அதையெல்லாம் கேக்கப்படாது, நீ ஊம் கொட்டு என்றார் அப்புச்சி. "தம்பி," என்கிறார் நாச்சிமுத்து. திடுக்கிட்டு நிமிர்கிறேன். "என்ற பொண்ணைக் கட்டிக்கிட்டா என்னைப் பத்தி அவகிட்ட என்ன சொல்லுவீங்க?" இதுதான் மூணாவது ரவுண்டுக் கேள்வி, பல் டாக்டர் இங்கேதான் அழுதிருப்பான். ஒன்றும் சொல்ல மாட்டேனுங்க என்றேன். "என்னது?" என்றார் வெங்கிடு மாமா. நாச்சிமுத்து என்னது என்று கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. எழுந்து அலமாரிப் பக்கம் போகிறார், எழும்போது சோபாக் கையை அழுத்திப் பிடித்து, ஒரு நிமிசம் நின்று, மூச்சு வாங்கி. சரியான போதை என்று நினைத்துக்கொண்டேன். மேல்தட்டுக்குக் கை போகிறது. சிவப்பு மெழுகில் கை படுகிறது. இவ்வளவு நேரம் கேவலமாகப் பார்த்த அந்தப் புட்டியை இப்போது நான் எழுந்து நின்று பார்க்கிறேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஊற்றினார். எனக்கு, சதாசிவத்துக்கு, வெங்கிடு மாமாவுக்கு, கடைசியில் தனக்கு. சின்னச் சின்ன அளவு, நிறைய ஐஸ். நிறம் அழகாகத்தான் இருந்தது, எங்கள் ஷேட் கார்டில் கருக்கின பாக்கு நிறம் என்று ஒன்று உண்டு, அது. சதாசிவம் வழக்கம்போல மூக்கை இறக்கினார். வெங்கிடு மாமா மோந்து பார்க்கவெல்லாம் இல்லை, ஒரே மடக்கு. "ஆஹா. எரிச்சலே இல்ல பாருங்க. வெண்ணெயாட்ட எறங்குது. இதுக்குத்தான் காசு." நான் இந்த ஒரு வாயையாவது முழுசாகக் குடிக்க வேண்டும், சம்மதத்தை உதட்டோடு நிறுத்தக் கூடாது, இந்துஜா மன்னித்துக்கொள்ள வேண்டும். குடித்தேன். டீ. நாக்கு பொய் சொல்கிறது என்று நினைத்தேன், அந்த டயர் நாற்ற ஸ்காட்ச் நாக்கைக் கொன்றுவிட்டது, ஆனால் நான்தான் அதைக் குடிக்கவே இல்லையே, இந்த அறையில் உயிரோடு இருக்கிற நாக்கு என்னுடையது மட்டும்தான். இன்னொரு வாய். டீதான். பால் ஊற்றாமல் திக்காகக் காய்ச்சி, கருப்பட்டி போட்டு ஆற வைத்த டீ. அதிலும் ஏலக்காய். பாதித் தட்டின ஏலக்காய், விதை பொடியாகாமல் நுனிநாக்கில் சுருக்கென்று ஏறுகிறது. இதை நான் இன்றைக்கு ஏற்கெனவே குடித்திருக்கிறேன். வந்ததும் இந்துஜாவின் அம்மா ஈஸ்வரி, "பால்காரன் இன்னும் வரலைங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்று டம்ளரில் கொடுத்ததும் இதே டீ, இதே கருப்பட்டி, இதே பாதித் தட்டின ஏலக்காய். "இதுல ஒரு மசாலா நோட் வருதுங்க பாருங்க," என்கிறார் சதாசிவம், கண்ணை மூடியபடி, விரலை ஆட்டிக்கொண்டு. "அது ரை. கம்பு மாதிரி ஒரு தானியமுங்க, மக்காச்சோளத்துல கொஞ்சம் ரை கலப்பாங்க, அந்த மசாலா இது. சாதாரண நாக்குக்குப் பிடிபடாது." எனக்குச் சிரிப்பு வயிற்றில் இருந்து கிளம்பியது. இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தான், எழுந்து நின்று, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சத்தமாக, இது டீ என்று சொல்ல வேண்டும், உன் கடலும் கடக்கரையும் உன் வெண்ணெயும் ஈஸ்வரி அம்மாவின் டீ என்று சொல்ல வேண்டும், வெங்கிடு மாமாவின் முகம் எப்படிப் போகும் என்று ஒரு கணம் பார்த்தேவிட்டேன். யார் மாற்றியது? வேலைக்காரி குடித்துவிட்டு ஊற்றி வைத்தாளா, இந்துஜா எனக்காகச் செய்தாளா, இல்லை இதுவும் ஒரு சோதனையா? சோதனை என்றால் எதைச் சொன்னால் பாஸ்? நாச்சிமுத்துவைப் பார்த்தேன். அவர் கிளாஸ் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றிருந்தது. அவர் சதாசிவத்தைப் பார்க்கவில்லை, வெங்கிடு மாமாவைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாசுக்குள் ஐஸ் கிணுகிணுவென்று சத்தம் போட்டது, கை நடுங்கினால்தான் ஐஸ் அப்படிச் சத்தம் போடும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. மத்தியானம் முழுக்க அவர் குடித்தது இந்தப் புட்டியில் இருந்து மட்டும். நூல் சுற்றின மோதிரம். ஆமைக் கழுத்து. வெள்ளை முழியில் லேசான மஞ்சள், அதை நான் குடிகாரக் கண் என்று ஒதுக்கியிருந்தேன், நிறம் பார்த்துப் பிழைக்கிற நான். வாரா வாரம் கோயமுத்தூர். கோயமுத்தூரில் மெஷின் மட்டுமா இருக்கிறது, ஆஸ்பத்திரி தெருவுக்குத் தெரு இருக்கிறது. எல்லோருக்கும் கடைசியில், நாக்கு செத்த பிறகு ஊற்றுகிற வழக்கம். குடிக்கிற மொதலாளிக்கு ஆர்டர் வரும், சீக்காளி மொதலாளிக்கு வராது, வாங்குகிற வெள்ளைக்காரன் அடுத்த சீசன் ஆர்டரை வேறு கம்பெனிக்குத் திருப்பிவிடுவான், மச்சான் ரெஸ்ட் எடுக்கட்டும் என்று வெங்கிடு மாமா நாளைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அதனால் இந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளிடம் காறித் துப்பு வாங்கிக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்துத் தள்ளாடிக்கொண்டிருக்கிறார். தள்ளாட்டம் மட்டும் உண்மை. நான் இந்த அறையில் எல்லோரையும் விட உயரமாக உட்கார்ந்திருந்தேன், இப்போது எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. "சொல்லுங்க தம்பி," என்கிறார் நாச்சிமுத்து. இருமிவிட்டு மறுபடி, "எப்பிடி இருக்குது?" கேரமலுங்க, என்றேன். வாயில் இருந்து அது வந்துவிட்டது. கொஞ்சம் வெனிலா. பின்னால, ஆடிட்டர் ஐயா சொன்ன மாதிரி, அந்த ரை. "பாத்தீங்களா, தம்பிக்கு நாக்கு இருக்குது!" என்று சதாசிவம் தொடையைத் தட்டினார், அவர் சந்தோசம் எனக்குப் பொறுக்கவில்லை, என்னுடைய குரல் அதைவிடப் பொறுக்கவில்லை, ஏனென்றால் அது நன்றாக இருந்தது, நயமாக, பழகின ஆள் மாதிரி. நாச்சிமுத்து கிளாசைக் காலி செய்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என் அளவுக்குக் குரலைக் குறைத்து, "உங்களுக்குச் சத்தமே வராதுன்னு என்ற பொண்ணு சொல்லுச்சு. நல்லதுங்க. இந்த வூட்டுக்கு அதான் வேணும்," என்றார். அப்புறம் எல்லோருக்கும் கேட்க, "இன்னொன்னு ஊத்தட்டுங்களா மாப்ள?" மாப்ள. வெங்கிடு மாமா கை தட்டினார். ஊத்துங்க மாமா என்றேன்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினேன், அதைப் பார்த்து யாராவது போதை என்று நினைத்திருக்கலாம். சமையல்கட்டு வாசலில் இந்துஜா நின்றிருந்தாள், அவளுக்குச் செய்தி முன்னாலேயே இறங்கி வந்துவிட்டது, வெங்கிடு மாமா கை தட்டினது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கண் எல்லாம் சிரிப்பு, ஆனால் கிட்டே வந்து முதலில் என் வாயருகே மூக்கைக் கொண்டு வந்தாள், மாடியில் இருந்தவர்களைப் போலவே இவளும் மோந்துதான் பார்க்கிறாள். "நாத்தமே இல்லையே? குடிச்சியா இல்லையா?" பேருக்கு, என்றேன். "அந்தாளு?" இங்கேதான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, ஒற்றை எழுத்து, டீ, அவள் அப்பாவை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், கொடுத்த கையோடு பிடுங்கியும் இருக்கலாம். அவளிடம் என்ன சொல்லுவீங்க என்று அவர் கேட்டதற்கு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று பவ்வியமாகச் சொன்னவன் நான்தான், கேள்வி எது என்று தெரியாமல் விடை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். "கேக்கறேன்ல, எவ்வளவு குடிச்சாரு?" கொஞ்சம் ஜாஸ்திதான், என்றேன். "தெரியும்," என்றாள். முகம் சுண்டியது. "இன்னைக்கு ஒரு நாளாவது நிறுத்துவாருன்னு நெனச்சேன். ஆளைப் பாரு, மகளைக் கேக்க வந்தவன் முன்னாடி. தூ." இலை போடக் கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் துப்பினது என் மேல் விழுந்த மாதிரி இருந்தது, துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அது சரியான ஆள் மேல்தான் விழுந்திருக்கிறது, சதாசிவமாவது அவர் கடலை நம்புகிறார், வெங்கிடு மாமாவாவது வாயில் வைத்ததை நிஜமாகவே ருசிக்கிறார், தெரிந்தே கேரமல் என்றவன் நான் ஒருத்தன்தான். அடுப்பில் கறி கொதித்தது. பக்கத்து அடுப்பில் பெரிய பாத்திரத்தில் டீ, புட்டியை மறுபடி நிரப்ப, ஈஸ்வரி அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், எல்லாம் கேட்டிருந்தார், கையில் இடிகல், இடிகல்லுக்குள் ஏலக்காய். கிளிக்குத் தீனி வைக்கிறது யாரு. அதையெல்லாம் கேக்கப்படாது. நான் கிட்டே போய் நின்றேன். அம்மா, என்றேன். அவர் திரும்பவில்லை. என் வாழ்நாளிலேயே மெதுவான குரலில், ஏலக்காய் போடாதீங்க, என்றேன், நாக்கு இருக்கிறவன் எவனாவது வந்தால் கண்டுபிடித்துவிடுவான். இடிகல் நின்றது. பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டின ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கை பழகிப் போச்சுங்க, மாப்ள."